நாணயத்துக்கு ஒரு பதிவு

மாதம் பிறந்தால் சீட்டுக் காசு கட்டவேண்டும் என்ற நினைப்பு நம்மில் எத்தனையோ வீடுகளில் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டுகிறோம். மாதத்துக்கு ஒருவராக முழுத் தொகையையும் எடுக்கிறோம். அந்தக் காசில் ஒருவர் கூரைத் தகரம் வாங்குகிறார். ஒருவர் அடைவில் கிடந்த சங்கிலியை மீட்கிறார். இன்னொருவர் விதை வெங்காயத்துக்கு முதல் போடுகிறார். வங்கிப் படி ஏறாமலே நமது குடும்பங்கள் பல காரியங்களை இப்படித்தான் ஒப்பேற்றி வந்திருக்கின்றன.

ஆனால் சீட்டுக்கு இரண்டு குறைகள் உண்டென்பதும் நாம் அனுபவத்தில் கண்டதுதான். ஊர் குலைந்தால் சீட்டும் குலைந்துவிடும். கட்டியும் எடுக்காதவர் ஒரு திசையில், எடுத்தும் கட்டி முடிக்காதவர் வேறொரு திசையில் என்று இடம்பெயர்வோடு சிதறிப்போன சீட்டுகள் பல. மற்றக் குறை, சீட்டில் ஒருவர் காட்டும் நாணயம் சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியோடு நின்றுவிடுவது. பத்து வருடம் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டிய பெண் வங்கிக்குப் போனால், காணி உறுதி எங்கே, பிணைக்கு ஆள் யார், முன்பு கடன் எடுத்துக் கட்டியிருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறார்கள். சீட்டுக் கொப்பியை அங்கே எவரும் பார்ப்பதில்லை.

இதே சங்கடத்தை அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் குடியேறிய லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் அனுபவித்தன. அவர்கள் மத்தியில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு சமூக நிறுவனம் இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரு பரிகாரம் கண்டது. இலாப நோக்கமில்லாத அந்த நிறுவனத்தின் பெயர் மிஷன் அசெட் ஃபண்ட். 'மிஷன் சொத்து நிதியம்' என்று நாம் சொல்லலாம். அதன் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

மிஷன் என்ற குடியிருப்பு

'மிஷன்' என்பது இங்கே ஓர் இடத்தின் பெயர். 1776ஆம் ஆண்டு ஸ்பானியப் பிரான்சிஸ்கன் துறவிகள் அவ்விடத்தில் ஒரு தேவாலயத்தை நிறுவினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த நகர்ப்பகுதிக்கு மிஷன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே பெருகின. மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களோடு, 1980களில் எல் சல்வடோர், குவாத்தமாலா, நிக்கரகுவா ஆகிய நாடுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களும் சேர்ந்தார்கள்.

எல் சல்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. குவாத்தமாலாவில் 1960இல் தொடங்கிய போர் 1996இல்தான் சமாதான உடன்படிக்கையோடு முடிந்தது. அங்கே கிராமங்கள் எரிக்கப்பட்டன. மலைப்பகுதிகளில் சோளம் பயிரிட்டு வாழ்ந்த மாயா இனமக்கள் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். மெக்சிக்கோவில் போர் இல்லை. ஆனாலும் 1994ஆம் ஆண்டு அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடையே சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், அமெரிக்காவிலிருந்து மலிவு விலையில் சோளம் வந்து குவிந்தது. சிறு விவசாயியின் சோளத்துக்கு விலை விழுந்தது. பலர் காணியைவிட்டு வடக்கே பயணப்பட்டார்கள்.

மண்ணை நம்பி வாழ்ந்த இந்த மக்கள் மிஷனில் வந்து உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். வீடுகள் கூட்டித் துப்புரவு செய்தார்கள். தையல் வேலையும் கட்டட வேலையும் செய்தார்கள். பலரிடம் குடிவரவுப் பத்திரங்கள் இல்லை. உழைப்பு இருந்தது, சம்பளமும் ஓரளவு இருந்தது. அந்தச் சம்பளத்தை வைத்து ஒரு படி மேலே ஏற வழி இல்லாமல் இருந்தது.

மூடிய ஆலையில் கிடைத்த முதல்

மிஷனின் வலென்சியா வீதியில் லீவாய் ஸ்ட்ராஸ் கம்பனியின் தையல் ஆலை ஒன்று இருந்தது. ஜீன்ஸ் காற்சட்டைகளுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற கம்பனி அது. 1906ஆம் ஆண்டு பூமியதிர்ச்சியில் நகரம் அழிந்தபின் கட்டப்பட்ட அந்த ஆலை ஏறக்குறைய நூறு வருடம் ஓடியது. உடைத் தைப்பு வெளிநாடுகளுக்குப் போய்விட்ட காலத்தில், 2002இல், அதுவும் மூடப்பட்டது. கட்டடம் விற்கப்பட்டபின் அந்த வகையில் வந்த காசில் பத்து இலட்சம் டொலரை, மிஷன் பகுதியின் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பயன்படும் வண்ணம் கம்பனியின் அறக்கட்டளை ஒதுக்கியது. அந்தப் பணமே நிதியத்தின் முதல்.

நிதியத்தைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு ஹொசே கின்யோனஸ் என்பவரிடம் வந்தது. மெக்சிக்கோவின் துராங்கோ மாநிலத்தில் பிறந்த அவர் சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். ஒன்பது வயதில், பத்திரங்கள் இல்லாமல், கூடப்பிறந்தவர்களோடு எல்லை கடந்து அமெரிக்கா வந்தார். 1986ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரமற்ற குடியேறிகள் ஏறக்குறைய 27 இலட்சம் பேருக்குச் சட்டபூர்வ உரிமை வழங்கியபோது அவருக்கும் அது கிடைத்தது. பின்னர் பல்கலைக்கழகம் சென்று பொதுக்கொள்கை பயின்றார். பத்திரம் இல்லாத வாழ்வும் பத்திரம் கிடைத்தபின் வந்த வாழ்வும் எப்படி வேறுபடும் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்தவர்.

பதிவேட்டில் பெயர் இல்லாதவர்

அமெரிக்காவில் ஒருவருக்கு வங்கி கடன் கொடுக்குமுன் அவருடைய 'கடன் புள்ளி'யைப் பார்க்கிறது. இது 300 முதல் 850 வரையான ஓர் எண். எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பெரிய நிறுவனங்கள் மக்களின் கடன் விபரங்களைச் சேகரித்து வைத்திருக்கின்றன. எடுத்த கடனைத் தவணை பிந்தாமல் கட்டினால் புள்ளி ஏறும். பிந்தினால் இறங்கும். ஒருபோதும் வங்கிக் கடன் எடுக்காதவருக்குப் புள்ளியே இல்லை.

புள்ளி இல்லாததால் வரும் நட்டம் வங்கி வாசலோடு முடிவதில்லை. வீடு வாடகைக்குக் கொடுப்பவர் அதைக் கேட்கிறார். வாகனக் கடனுக்கும் அது வேண்டும். மின்சாரம், தொலைபேசி பெறுவதற்குக்கூடப் புள்ளி இல்லாதவர் கூடுதல் முற்பணம் கட்டவேண்டி வரலாம். சில தொழில்வழங்குநர்கள் ஆளை வேலைக்கு எடுக்குமுன் கடன் விபரத்தைப் பார்ப்பதும் உண்டு. கடன் படாமல் கைக்காசில் வாழ்ந்த குடும்பமே இங்கே கூடுதலாகக் கட்டணம் செலுத்துகிறது.

பிள்ளைக்கு வருத்தம் வந்து அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டால் அத்தகைய குடும்பம் எங்கே போகும்? சம்பள நாள்வரைக்கும் கைமாற்றுக் கொடுக்கும் கடைகளுக்குத்தான். கலிபோர்னியச் சட்டம் அந்தக் கடைகளுக்கு விதித்த வரம்பின்படியே ஒரு கணக்குப் பார்ப்போம். கடன்படுபவர் 300 டொலருக்குக் காசோலை எழுதிக் கொடுக்கிறார். கட்டணம் 45 டொலர் போக 255 டொலர் கையில் வருகிறது. இரண்டு கிழமையில் 300 டொலரையும் கட்டவேண்டும். வருட வட்டியாகப் பார்த்தால் இது நூற்றுக்கு 460 அளவில் வரும். கட்ட இயலாதவர் அடுத்த கடனை எடுத்து முதற் கடனை அடைக்கிறார். மீற்றர் வட்டிக்கு எடுத்தவர்கள் படும் பாட்டை அறிந்த நமக்கு இதன் முடிவை விளக்கத் தேவையில்லை.

தாந்தா என்னும் சீட்டு

நிதியத்தார் மிஷன் குடும்பங்களோடு பழகியபோது ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். வங்கிகளால் நம்பத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட இதே மக்கள் தங்களுக்குள் பெருந்தொகைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மெக்சிக்கோ மக்கள் அதைத் தாந்தா என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'முறை' என்று பொருள். அவரவர் முறை வரும்போது எடுப்பதால் அந்தப் பெயர். குவாத்தமாலா மக்கள் இதையே குச்சுபால் என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அது பலுவாகன். மேற்காபிரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் சூசூ. சிங்கள மக்கள் நமது சொல்லையே எடுத்துச் சீட்டு என்கிறார்கள்.

ஆகவே அந்தக் குடும்பங்களுக்குச் சேமிப்பைப் பற்றியோ கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கைப் பற்றியோ புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. அவர்கள் கட்டுவதை வங்கி அறியும் இடத்தில் யாராவது எழுதவேண்டும். நிதியம் அந்த வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டு அது தொடங்கிய திட்டத்துக்குக் 'கடன் வட்டங்கள்' என்று பெயர்.

சீட்டுக்கு ஒரு கடதாசி

வட்டம் நடக்கும் முறை இதுதான். ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை ஒரு வட்டத்தில் சேர்கிறார்கள். சேருமுன் வரவுசெலவு, கடன் புள்ளி ஆகியவை பற்றிய சிறு வகுப்பு ஒன்றை முடிக்கவேண்டும். பிறகு எல்லாரும் கூடி மாதம் எவ்வளவு கட்டுவது, யார் எப்போது எடுப்பது என்று தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கிறார்கள். மாதக் கட்டு 50 டொலர் முதல் 200 டொலர் வரை இருக்கும். வட்டி கிடையாது. ஏலம் விட்டுக் கழிவு போவதும் கிடையாது.

பத்துப் பேர் ஆளுக்கு 100 டொலர் கட்டும் வட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம்முடைய மாதத்தில் 1,000 டொலர் எடுப்பார். இதுவரையில் நமது சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு கடதாசியில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே 1,000 டொலருக்குக் கடன் உறுதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திடுகிறார். மாதக் கட்டு அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து குறித்த நாளில் தானாகக் கழிக்கப்படுகிறது. அந்தக் கட்டு கடன் தவணையாகப் பதிவு நிறுவனங்களுக்கு அறிவிக்கப்படுகிறது. முதல் மாதம் எடுத்தவருக்கும் பத்தாம் மாதம் எடுத்தவருக்கும் பதிவு ஏறுகிறது. வட்டம் முடியும்போது கையில் காசு கிடைத்ததோடு, பதிவேட்டில் முதன்முறையாகப் பெயரும் வந்துவிடுகிறது.

அடுத்தது, நாம் முன்னே சொன்ன முதற் குறை. ஒருவர் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டால் மற்றவர்கள் கதி என்ன? ஊர்ச் சீட்டில் சீட்டுப் பிடிப்பவர் தம் கைக்காசைப் போடவேண்டும், அல்லது மனக்கசப்போடு சீட்டு முறியும். கடன் வட்டத்தில் அந்த நட்டத்தை நிதியம் பொறுக்கிறது. இதற்கென ஒரு தொகையை நன்கொடைகளிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறது. கட்டாதவரின் பொறுப்பு நீங்குவதில்லை. ஆனால் ஒருவரின் தவறு ஒன்பது குடும்பங்களின் அடுப்பை அணைக்காது.

உண்மையில் அந்த ஒதுக்குப் பணத்துக்குப் பெரிதாக வேலை வரவில்லை. கடன் வட்டங்களில் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திரும்பி வந்தது. திட்டம் தொடங்கிய 2008ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் பெருவங்கிகள் திரும்பி வராத வீட்டுக் கடன்களால் ஆட்டங்கண்டன என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டப் புத்தகம் வரை

சன் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்திட்டத்தை ஆராய்ந்து பார்த்தபோது, வட்டங்களில் சேர்ந்தவர்களின் கடன் புள்ளி சராசரியாக 168 ஏறியிருக்கக் கண்டார்கள். திட்டம் மிஷனுக்கு வெளியேயும் பரவத் தொடங்கியது. பிற மாநிலங்களின் சமூக நிறுவனங்கள் நிதியத்தோடு சேர்ந்து தத்தம் மக்களிடையே வட்டங்களை நடத்தின. கணக்கு வைப்பதையும் பதிவுக்கு அறிவிப்பதையும் நிதியம் பார்த்துக்கொண்டது. மக்களைச் சேர்ப்பதையும் வழிநடத்துவதையும் அந்தந்த இடத்து நிறுவனம் பார்த்துக்கொண்டது.

2014ஆம் ஆண்டு கலிபோர்னியச் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. இலாப நோக்கமில்லாத நிறுவனங்கள் 2,500 டொலர் வரை வட்டியில்லாமல் கொடுத்து, கட்டுவதைப் பதிவுக்கு அறிவிக்கும் கடன்களுக்கு அது சட்ட அங்கீகாரம் அளித்தது. வணிகக் கடன் கம்பனிகளுக்குரிய உரிமப் பத்திரம் இவற்றுக்குத் தேவையில்லை என்றாயிற்று. குசினி மேசையில் நடந்த தாந்தாவுக்குச் சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் கிடைத்தது. 2016ஆம் ஆண்டு கின்யோனஸுக்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற மக்ஆர்தர் நல்கை வழங்கப்பட்டது.

நெருக்கடி வந்த நாட்கள்

ஒரு நிறுவனத்தின் தரம் நெருக்கடி காலத்தில் தெரியும். நிதியத்துக்கு அத்தகைய சோதனை இருமுறை வந்தது.

சிறு வயதில் பெற்றோரோடு பத்திரமின்றி வந்த இளைஞர்களை நாடுகடத்தாமல் வேலை செய்ய அனுமதிக்கும் திட்டம் ஒன்றை அமெரிக்க அரசு 2012இல் கொண்டுவந்திருந்தது. 2017 செப்ரெம்பர் 5ஆம் திகதி அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அனுமதி முடியும் தறுவாயில் இருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள், ஒக்ரோபர் 5ஆம் திகதிக்குமுன், புதுப்பிக்க விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் 495 டொலர். காசு புரட்ட இயலாததால் ஒருவர் வாழ்விடத்தையே இழக்கக்கூடிய நிலை. அதுவரை இந்தக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துவந்த நிதியம், கடன் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று கண்டு நன்கொடை திரட்டி, கட்டணத்தை இனாமாகவே கொடுத்தது. பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதனால் பயன்பெற்றார்கள்.

இரண்டாவது சோதனை 2020இல் வந்த கொரோனா நோய்த்தொற்று. அமெரிக்க அரசு வளர்ந்தவர் ஒருவருக்கு 1,200 டொலர் வரை உதவிப்பணம் கொடுத்தது. ஆனால் சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாத குடியேறிகள், வரி கட்டுபவர்களாயிருந்தும், அதில் சேர்க்கப்படவில்லை. உணவகங்கள் மூடப்பட்டு முதலில் வேலையிழந்தவர்கள் அவர்களே. நிதியம் அறக்கட்டளைகளிடம் பணம் திரட்டி, விடுபட்டவர்களைத் தேடி உதவியது. மாணவர்கள், தொழிலாளர்கள், குடியேறிய குடும்பத்தினர் என்று அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஐந்து கோடி டொலருக்கு மேல் கொடுக்கப்பட்டது. முந்திக்கொண்டு விண்ணப்பித்தவருக்கு முதலில் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, தேவை மிகுந்தவருக்கு முதலிடம் என்ற ஒழுங்கை வகுத்துக்கொண்டார்கள். நிவாரண வரிசையில் நின்று, முன்னே நின்றவர்களோடு சாமான் முடிந்துபோகக் கண்டவர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை புரியும்.

இயலாதவையும் உண்டு

இத்தனையும் சொன்ன நாம் மற்றப் பக்கத்தையும் மறைக்கலாகாது. கணினித் தொழிலால் சன் பிரான்சிஸ்கோவில் வீட்டு வாடகை ஏறிய வேகத்துக்கு எந்தச் சீட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. மிஷனிலே பல்லாண்டு வாழ்ந்த லத்தீன் குடும்பங்கள் பல அங்கிருந்து வெளியேறவேண்டி வந்தது. ஒருமுறை ஊர்விட்டு வந்தவர்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. கடன் புள்ளி 700க்கு ஏறினாலும் சம்பளம் ஏறாவிட்டால் வீடு கைக்கெட்டாது. குடிவரவுப் பத்திரத்தையும் புள்ளி பெற்றுத் தராது. வட்டங்களில் புரளும் தொகையும் சிறியதே. சில நூறு டொலரிலிருந்து 2,400 டொலர் வரைதான்.

நன்கொடையில்லாமல் இத்தகைய திட்டம் நடக்காது என்பதும் உண்மை. வட்டி வாங்காத நிறுவனத்துக்கு உத்தியோகத்தர் சம்பளத்தையும் கணக்கு வேலைச் செலவையும் யாராவது கொடுக்கவேண்டும். ஆலையின் பத்து இலட்சம் டொலர் தொடக்கத்துக்கு உதவியது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் பணம் தேடவேண்டியிருந்தது.

ஆயினும் ஒரு தாய் தன் பெயரில் வாடகை வீடு எடுக்கவும், மீற்றர் வட்டிக்காரன் போன்ற கடையின் படியை மிதியாதிருக்கவும், சிறு கடைக்கு வங்கியில் முறையாகக் கடன் கேட்கவும் இது வழிசெய்தது. அவள் முன்பும் நாணயமானவள்தான். அதற்கு இப்போது ஒரு சாட்சி உண்டு.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

நமது நாட்டில் 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுக்களுக்கென ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. கடன் விபரங்களைத் திரட்டும் பணியகமும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆனாலும் நமது பெண்கள் கட்டும் சீட்டுக்கும் வங்கி பார்க்கும் பதிவுக்கும் இடையில் பாலம் இல்லை. மிஷன் நிதியம் போன்ற ஒன்றை நாளைக்கே நாம் கட்டிவிட முடியாது. ஆனால் அதன் அனுபவத்திலிருந்து சில காரியங்களை மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இப்போதே எண்ணிப் பார்க்கலாம்.

சீட்டுக் கொப்பி ஒருவர் கையில் மட்டும் இருக்கவேண்டுமா? கட்டுகிற ஒவ்வொருவரிடமும் திகதியும் தொகையும் கையெழுத்தும் உள்ள ஒரு துண்டு இருந்தால், கொப்பி தொலைந்தாலும் கணக்குத் தொலையாது. மாதக் கட்டோடு ஆளுக்கு ஒரு சிறு தொகை சேர்த்து, ஒருவர் கட்ட இயலாமற்போகும் மாதத்துக்கென ஒதுக்கிவைக்க முடியுமா? வருட முடிவில் தவறாது கட்டியவர்களின் பெயரைச் சங்க அறிக்கையில் எழுதி, கூட்டுறவுச் சங்க முகாமையாளரையும் வங்கி முகாமையாளரையும் அழைத்துக் காட்ட முடியுமா? சீட்டுக் கட்டும் தாய்மார் இதைக் கூடிப் பேசவேண்டும். ஏனெனில் எது நடக்கும், எது நடக்காது என்பதை அவர்களே நன்கு அறிவார்கள்.